பஹாய் சமயமும் நாமும்

சென்ற கோடை விடுமுறையில் என் சிறிய தந்தையாரோடு புது டில்லி நகருக்குச் சென்றிருந்தேன். காணவேண்டிய இடங்கள் என்று எழுதிக்கொண்டு போன பட்டியலிற் கடைசியாய் நின்றது தாமரைக் கோயில். வெயில் தணியாத பிற்பகலில் நெடிய வரிசையில் நின்று, காலணிகளைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு உட்புகுந்தோம். வெண்சலவைக்கல் போர்த்த 27 இதழ்கள் ஒன்பது பக்கங்களிலும் எழுந்து நிற்க, சுற்றிலும் ஒன்பது நீர்நிலைகள் தாமரையிலைகள் போலக் கிடக்கின்றன. ஈரான் நாட்டிற் பிறந்த பரிபோர்ஸ் ஸாபா என்னும் சிற்பியார் வகுத்த இக்கோயில் 1986-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அர்ப்பணம் செய்யப்பெற்றது. உள்ளே உருவம் இல்லை, பலிபீடம் இல்லை, பிரசங்கம் செய்வாரும் இல்லை, காணிக்கைப் பையும் நம்மை நோக்கி வரவில்லை. பல சமயத் திருநூல்களை வாசிக்கலாம், இசைக்கருவி இன்றி மிடற்றாற் பாடலாம், விரிவுரை மட்டும் நிகழ்த்தலாகாது என்பது பஹாய்கள் தம் கோயில்களுக்கு வகுத்துள்ள விதி. யாங்கள் சென்ற வேளையில் வாசிப்பும் இல்லை. அத்துணைப் பெருங்கூட்டத்தில் எங்கோ ஒரு குழந்தை இருமியது மாத்திரம் கேட்டது.

வெளியே வந்ததும் சிறிய தந்தையார், "எல்லாச் சமயமும் ஒன்று என்கிறார்கள், அவ்வளவுதானே, தம்பி? இதை நம் ஊர்த் திண்ணையிலேயே கேட்கலாமே!" என்றார். ஊர் திரும்பிய பின் எங்கள் சபையில் மூத்த பெரியவர் ஒருவரிடம் இச்செய்தியைக் கூறினேன். அவர், "கடைசி நாட்களில் எழும்பும் கள்ளத் தீர்க்கதரிசிகளில் அவரும் ஒருவர்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஒருவர் அன்பினாலும் மற்றவர் அச்சத்தினாலும் கூறினர். ஆனால் இருவருமே பஹாய் நூலொன்றைப் புரட்டியும் பார்த்தவரல்லர். யானும் அதுவரை அவ்வாறே இருந்தேன். நம் கல்லூரி நூல்நிலையத்தில் அகப்பட்டவற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றியது இது: முதலாவது தீர்ப்புப் பிழை; இரண்டாவது தீர்ப்புச் சோம்பல். பஹாய் சமயம் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகின்றது. அவ்வினா கிறிஸ்தவனுக்கே உரிய வினா. அதற்கு விடையிறுக்கும் கடமை நமக்கு உண்டென்று கூறவே இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1844-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் இரவு, பாரசீகத்துள்ள ஷீராஸ் நகரிலே, ஸையித் அலி முஹம்மது என்னும் 24 வயது வணிகர், தம்மை நாடிவந்த முல்லா ஹுஸைன் என்னும் கல்விமானிடம், ஷியா மார்க்கத்தார் பன்னூறாண்டாய் எதிர்நோக்கியிருந்தவர் தாமே என வெளியிட்டார். அவர் பூண்ட பெயர் பாப் என்பது. அரபு மொழியில் அதற்கு வாயில் என்று பொருள். தமக்குப் பின் தம்மினும் பெரியவர் ஒருவர் வருவார் என்றும், தாம் அவர்க்கு வழி ஆயத்தம் செய்பவர் என்றும் அவர் கற்பித்தார். அவருடைய முதற் சீடர் பதினெண்மரையும் 'உயிருள்ள எழுத்துக்கள்' என்று அழைப்பர். (நம் இலக்கணத்திலோ பதினெட்டாய் நிற்பவை மெய்யெழுத்துக்கள், உயிர் பன்னிரண்டே. அப்போஸ்தலர் தொகையோடு ஒத்துப்போவது நம் உயிரெழுத்து என்று எண்ணி நகைத்துக்கொண்டேன்.) அப்பதினெண்மருள் ஒருத்தி தாஹிரா என்னும் பெண்பாற் புலவர். 1848-இல் பதஷ்த் என்னுமிடத்திற் கூடிய சீடர் அவையில் முகத்திரை இன்றித் தோன்றி ஆடவரைத் திகைக்கச் செய்தவர் இவர். 1852-இல் தெஹ்ரானில் கொல்லப்பட்டார்.

பாப் 1850-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தப்ரீஸ் நகரப் படைவீட்டு முற்றத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது முப்பது. இந்நிகழ்ச்சியை உரைக்கும் பஹாய் வரலாற்று நூல்களில் நம் நெஞ்சைத் தைக்கும் ஒரு செய்தி உண்டு. முதலிற் சுடுமாறு நிறுத்தப்பட்ட படை கிறிஸ்தவப் படையாம். அதன் தலைவன் ஸாம் கான் என்னும் கிறிஸ்தவன். அவன், குற்றமற்றவர் இரத்தம் தன்மேல் வாராதிருக்க வேண்டுமென்று பாபிடமே முறையிட்டான் என்றும், அப்படையின் குண்டுகள் கட்டியிருந்த கயிறுகளை அறுத்தனவேயன்றி அவரைத் தீண்டவில்லை என்றும், பின் அவன் தன் படையுடன் விலகிக்கொள்ள, வேறொரு படையே அவரைக் கொன்றது என்றும் அந்நூல்கள் கூறும். அற்புதம் நிகழ்ந்ததா என்னும் ஆராய்ச்சியில் யான் இறங்கவில்லை. பஹாய்களின் நினைவிலே கிறிஸ்தவனுக்கு அமைந்த இடம் பிலாத்துவின் இடத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தேன்.

பாப் முன்னறிவித்தவர் தாமே என்றவர் மீர்ஸா ஹுஸைன் அலி. 1817-இல் தெஹ்ரானில் உயர்குடியிற் பிறந்தவர். பஹாவுல்லா, அதாவது கடவுளின் சோதி, என்பது அவர் பெயராயிற்று. 1852-இல் பாபின் அடியார் சிலர் மதிகெட்டு அரசன்மேற் சுட்டனர். அதன் விளைவாய்ப் பலர் சிறைப்பட்டனர். அவருள் இவரும் ஒருவர். 'கருங்குழி' என்று பெயர்பெற்ற நிலவறையில், கழுத்திற் சங்கிலி பூண்டு கிடந்த காலத்தே தமக்குத் திருவெளிப்பாடு உண்டாயிற்று என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். சிறைநீங்கியவரைப் பாக்தாதுக்கு நாடு கடத்தினர். 1863-ஆம் ஆண்டு வசந்தத்தில், அந்நகரை விட்டு மேலும் தொலைவிற்குத் துரத்தப்படுமுன், ரித்வான் என்னும் தோட்டத்திற் பன்னிரு நாள் தங்கித் தம் நிலையைத் தோழர்க்கு உணர்த்தினார். பின்பு கான்ஸ்டான்டிநோப்பிள், அதிரியானோப்பிள். முடிவில் 1868-இல் துருக்கியரின் சிறைநகராகிய அக்கா. இவ்வக்காவே நம் வேதாகமம் பித்தொலோமாய் என்று குறிக்கும் பட்டினம். பவுலடியார் எருசலேமுக்குச் செல்லும் வழியில் ஆண்டிருந்த சகோதரரோடு ஒருநாள் தங்கிப் போனார். பவுல் ஒருநாள் தங்கிய ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பஹாவுல்லா 24 ஆண்டுகள் கைதியாய் வாழ்ந்து 1892-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் உயிர்நீத்தார். அவர்க்குப்பின் அவருடைய மூத்த மகனார் அப்துல் பஹா 1921 வரையிலும், அவருடைய பேரர் ஷோகி எபெண்டி 1957 வரையிலும் சமயத்தை நடத்தினர். 1963 முதல் ஒன்பதின்மர் அடங்கிய உலக நீதிமன்றம் என்னும் சபை அதனை நடத்திவருகின்றது. பஹாவுல்லாவின் உரிமையைத் தம்பி முறையினரான மீர்ஸா யஹ்யா ஏற்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. சகோதரர் சண்டை இல்லாத திருச்சபை வரலாறு எங்கும் இல்லை போலும்!

நிற்க. இனிக் கொள்கைக்கு வருவோம்.

கடவுள் ஒருவர், அவருடைய இயல்பு மனித அறிவிற்கு எட்டவே எட்டாது. இதுவே பஹாய் சமயத்தின் அடிப்படை. ஞானியானாலும் தீர்க்கதரிசியானாலும் அவ்வியல்பினுள் நுழைந்தார் எவருமில்லை. அங்ஙனமாயின் அவரை அறிவது எவ்வாறு? ஆடியிலே சூரியன் விளங்குவதுபோல, குறித்த காலங்களில் தோன்றும் சில தூய ஆன்மாக்களிடத்தே கடவுளின் பண்புகள் முழுமையாய் விளங்குகின்றன. அவர்களை அறிவதே கடவுளை அறிவது. ஆபிரகாம், மோசே, கிருஷ்ணர், ஜரதுஷ்டிரர், புத்தர், கிறிஸ்து, முஹம்மது, பாப், பஹாவுல்லா என இவ்வரிசை நீள்கின்றது. இவ்வான்மாக்களை அரபு மொழியில் மஸ்ஹர் என்பர். வெளிப்படும் இடம் என்பது அதன் பொருள்.

இச்சொல்லைத் தமிழாக்கும்பொழுது நம்மவர் பலர் அவதாரம் என்று எழுதிவிடுகின்றனர். தமிழ் பயில்வோன் என்ற முறையில் ஈண்டு ஒரு தடை எழுப்ப விரும்புகின்றேன். அவதாரம் என்பது இறங்குதல். பஹாய் கொள்கைப்படி சூரியன் ஆடிக்குள் இறங்குவதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஆடி அதனைக் காட்டுகின்றது. ஆகவே வைணவர் கூறும் அவதாரமும் இதுவன்று, நாம் கூறும் மனுவுருவாதலும் இதுவன்று. இறைவெளிப்பாடு என்று நீட்டியேனும் எழுதுவது நன்று. ஒரு சொல்லை எளிதாகக் கைக்கொண்டதனால் மூன்று சமயங்களும் ஒன்றையே கூறுவதாகத் தோன்றுகின்றது. என் சிறிய தந்தையாரின் கருத்து இவ்விடத்திற்றான் பிறந்தது என நினைக்கின்றேன். அப்துல் பஹா என்னும் பெயரோ நம் மொழியில் அழகாக அமர்கின்றது. அப்து என்றால் அடியான். ஆகவே அது சோதியின் அடியான் என்றாகும். பெரும் பட்டங்களை ஒதுக்கிவிட்டு இப்பெயரையே அவர் விரும்பிக்கொண்டார் என்பதை அறிந்தபொழுது, அடியார் என்ற சொல்லைத் தலைமேற்கொண்ட நம் நாட்டுப் பத்தரோடு அவர் உறவாடக்கூடும் என்று தோன்றிற்று.

எல்லாச் சமயமும் ஒன்று என்று அவர்கள் கூறுவது உண்மையே. எனினும் திண்ணைப் பேச்சில் நாம் கூறும் பொருளில் அன்று. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பாசிரியர் எழுத்துக் கற்பிக்கிறார். மேல் வகுப்பாசிரியர் இலக்கணம் கற்பிக்கிறார். முதலாசிரியர் அறிவிற் குறைந்தவரல்லர். மாணவர் தகுதிக்கேற்பக் கற்பித்தார். அவ்வாறே மனிதகுலம் வளர வளர இறைவெளிப்பாடும் வளர்கின்றது. கடவுளை நேசி, பிறரை நேசி என்னும் சாரம் மாறாது. மணம், உணவு, தண்டம், வழிபாடு பற்றிய விதிகள் காலந்தோறும் மாறும். இக்காலத்திற்குரிய பாடம் மனிதகுல ஒற்றுமை; அதனைக் கற்பிக்க வந்தவர் பஹாவுல்லா. ஆகவே சமயங்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாய்ச் சமமாய் நிற்பவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிச் செல்லும் படிகள். இக்காலத்திற்கு மேற்படி எது என்பதில் பஹாய்களுக்கு ஐயமே இல்லை. முழுதாய் ஆயிரம் ஆண்டு கழியுமுன் அடுத்தவர் தோன்றார் என்றும், அதற்கு முன் தோன்றுவதாய்க் கூறுபவன் பொய்யன் என்றும் பஹாவுல்லா தம் சட்ட நூலாகிய கிதாபே அக்தஸில் விதித்துள்ளார். நம் சமயமே இறுதி என்று கூறுவாரைத் திருத்த வந்தவர் தாமும் ஒரு கதவைச் சார்த்தினாரே என்று வினவலாம். ஆனால் என்றென்றைக்கும் என்னாமல் ஆயிரம் ஆண்டுக்கு மாத்திரமே சார்த்தினார் என்பதையும் நேர்மையுடையார் ஒப்பவேண்டும்.

இங்கேதான் நம்மை நோக்கிய வினா எழுகின்றது. யூதர்களின் திருநூலை நாம் என்ன பெயரால் அழைக்கிறோம்? பழைய ஏற்பாடு. ஞாயிறு பாடசாலையில் ஐந்து வயதில் இத்தொடரைக் கற்றேன். பிறருடைய வேதத்தைப் பழையது என்கிறோமே என்று பத்தொன்பது வயது வரையில் ஒருநாளும் எண்ணியதில்லை. மோசே நல்லவர், ஏசாயா பெரியவர், ஆயினும் அவர்கள் சுட்டியது எம் ஆண்டவரையே. நீங்கள் எழுத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டீர்கள் என்று யூதரைப் பார்த்து நம் பிரசங்கிகள் ஈராயிரம் ஆண்டாய்க் கூறிவருகின்றனர். பஹாய் நூல்களைப் படிக்கையில், அதே அன்போடும் அதே உறுதியோடும் அதே சொற்கள் நம்மை நோக்கி வருவதைக் கண்டேன். கிறிஸ்து மெய்யாகவே கடவுளின் வெளிப்பாடு, கன்னியிடம் பிறந்தார், சிலுவையில் அறையுண்டார், இவற்றை ஏற்கின்றனர். ஆனால் அவருடைய இரண்டாம் வருகை நிகழ்ந்துவிட்டது. நீங்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்கின்றனர். இதனைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. சினம் தணிந்தபின், இச்சினத்தை ஒரு யூத மாணவன் நம் பாடப்புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் அடைந்திருப்பானே என்று நினைந்து நாணினேன். இந்நாணம் ஒன்றுக்காகவேனும் அந்நூல்களைப் படித்தது தகும் என்பேன்.

அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பஹாவுல்லா பாக்தாதில் இருந்தபோது எழுதியது கிதாபே ஈக்கான் என்னும் நூல். ஷோகி எபெண்டி அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931-இல் வெளியிட்டார். அதன் முற்பகுதியிற் பெரும்பங்கு மத்தேயு சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்திற்கு உரையாகவே அமைந்துள்ளது. சூரியன் இருளடைதல், சந்திரன் ஒளி இழத்தல், நட்சத்திரங்கள் விழுதல், மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருதல் ஆகிய அடையாளங்களையெல்லாம் அவர் அகப்பொருளாகக் கொள்கின்றார். நட்சத்திரங்கள் என்பார் சமயக் கல்விமான்கள். மேகம் என்பது வந்தவரை மனிதர் அறியவொட்டாமல் மறைக்கும் தடைகள். இதிலும் வன்மையானது எலியாவைப் பற்றிய வாதம். எலியா மீண்டும் வரவேண்டும் என்று யூதர் காத்திருந்தனர். யோவான் ஸ்நானகனே அந்த எலியா என்று நம் ஆண்டவர் சுட்டினார். யோவானோ, தாம் எலியா அல்ல என்றார். இருவர் கூற்றும் மெய்யாதல் எவ்வாறு? ஆள் வேறு, ஆயினும் ஆவியும் பலமும் அவையே. ஆகவே மீண்டும் வருதல் என்பது அதே உடம்பு வருதல் அன்று என்கின்றனர் பஹாய்கள். எலியாவிற்கு இம்முறையில் உரை கூறிய கிறிஸ்தவன், கிறிஸ்துவின் வருகைக்கு மட்டும் எழுத்துப்பொருளையே வற்புறுத்துவது ஏன் என்று வினவுகின்றனர். பாபின் உடல் எலியாவின் மலையாகிய கர்மேலிலே, ஹைபா நகரில், 1909-இல் அடக்கம் செய்யப்பெற்றது என்பதை இதனோடு சேர்த்து நினைக்கையில், அவ்வினா கல்லாற் கட்டி நிறுத்தப்பட்டதுபோல் இருக்கின்றது.

என் விடை யாது? இறையியல் கற்றவன் அல்லேன். என் ஆசிரியர்கள் திருத்துவார்களாக. எலியா வாதத்தை மேகத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டு மறுப்பது வீண். வந்தவர் யார், கடைசியாய் வந்தவர் யார் என்று வழக்காடுவதும் வீண். வேறுபாடு இன்னும் ஆழத்தில் உள்ளது. கிறிஸ்து நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்த ஆசிரியர் மாத்திரமாயின், பின்வரும் ஆசிரியர் அப்பாடத்தை விரிக்கலாம், மாற்றலும் கூடும், அதனை மறுக்க நமக்கு நியாயம் இல்லை. பஹாய்கள் கடவுளை மருத்துவராகவும் உவமிப்பர். நோய்க்குத் தக்க மருந்து காலந்தோறும் வேறுபடும் என்பர். மருந்துச்சீட்டுப் பழையதாதல் உண்மை. ஆனால் ஒரு மருத்துவர் தம் உடம்பின் குருதியையே ஈந்து நோயாளியைப் பிழைப்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். பிழைத்தவன், அஃது அக்காலத்துக்கேற்ற சிகிச்சை, இப்போது அதனினும் உயர்ந்தது வந்துவிட்டது என்று பேசுவானா? சிலுவை போதனை அன்று, செயல் என்பதே நம் விசுவாசம். ஒரு முறை செய்து முடிந்த செயலை எவரும் மேற்கொண்டு வளர்க்க இயலாது. சூரியன் வானில் நின்றபடியே ஆடியில் விளங்கிற்று என்பது அவர்கள் கூற்று. சூரியனே நிலத்திற்கு வந்து, பசித்து, களைத்து, அழுது, ஆணியால் அறையுண்டது என்பது நம் கூற்று. 325-ஆம் ஆண்டில் நைசியாவிற் கூடிய பிதாக்கள் வழக்காடியது ஏறக்குறைய இதனைப் பற்றியே. ஆடியின் உவமை அழகியது; ஆனால் ஆடிக்கு வலிக்கும்போது சூரியனுக்கு வலிப்பதில்லை. எட்டாத கடவுள் ஈற்றிலும் எட்டாதவராகவே நிற்கின்றார். அவ்விடத்தில் யான் அவர்களைப் பின்தொடர இயலாது நின்றுவிடுகின்றேன்.

ஆயினும் இஃது அத்துணை எளிதில் முடிவதாயில்லை. கிறிஸ்து தம் உயிரை ஈந்தபொழுது படைப்பனைத்திற்கும் புத்தாற்றல் உண்டாயிற்று என்னும் கருத்துப்பட பஹாவுல்லாவே எழுதியுள்ளார். சிலுவை போதனை மாத்திரமன்று என்பதை அவரும் ஒருவாறு உணர்ந்திருந்தார் என்றன்றோ இதனாற் பெறப்படும்? உயிர்த்தெழுதலை அப்துல் பஹா சீடருடைய உள்ளத்தில் நிகழ்ந்த எழுச்சியாகப் பொருள்கொள்கின்றார்; அங்கே நாம் பிரிகின்றோம். சிலுவையில் ஏறக்குறைய உடன் வந்து, கல்லறை வாயிலிற் பிரிவோரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்ற ஒரு சொல்லால் விலக்குவது தகுமா என்று எங்கள் ஊர்ப் பெரியவரைப் பணிவுடன் கேட்கின்றேன்.

ஏனைய கொள்கைகளை விரிக்க இடமில்லை. ஆன்மா அழிவற்றது, மறுபிறப்பு இல்லை, சுவர்க்கமும் நரகமும் இடங்களல்ல, கடவுளுக்கு அண்மையும் சேய்மையுமே. பிறவிப் பாவம் என்பதை அவர்கள் ஏற்பதில்லை. நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவன் எங்ஙனம் அதனை ஏற்காதிருத்தல் கூடும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆண்டு 19 மாதம், மாதம் 19 நாள், எஞ்சிய நாலைந்து நாள் விருந்தோம்பலுக்கும் ஈகைக்கும் என்று அவர்கள் வகுத்த நாட்காட்டி கேட்கச் சுவையானது. பஹா என்னும் சொல்லின் எழுத்துக்களுக்குரிய எண்களைக் கூட்டினால் ஒன்பது வருமாம். கோயிலுக்கு ஒன்பது பக்கம் அமைந்தது அதனால். ககரத்தை ஒன்றென்றும் உகரத்தை இரண்டென்றும் எழுதிய நமக்கு இது விந்தையன்று.

பாராட்டத்தக்கவற்றுள் ஒன்றை மட்டும் நின்று கூறவேண்டும். அவர்களிடையே குருமார் வகுப்பு இல்லை. ஊர்தோறும் ஒன்பதின்மர் சபையை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தேர்தலில் வேட்பாளர் இல்லை, வாக்குக் கேட்டல் இல்லை, கட்சி இல்லை. வேண்டுதல் செய்துவிட்டு, தகுதியுடையார் எனத் தம் மனத்துக்குத் தோன்றும் ஒன்பது பெயரை ஒவ்வொருவரும் மறைவாய் எழுதிக் கொடுக்கின்றனர். சமயச் செலவுக்குப் பிற சமயத்தாரிடம் பொருள் பெறுவதில்லை. நம் திருச்சபைத் தேர்தல்களை அறிந்தவர்க்கு இதற்கு மேல் யான் ஒன்றும் எழுத வேண்டுவதில்லை. நம் மாணவர் சங்கத் தேர்தலையும் இதன்கண் சேர்த்துக்கொள்க. குறை ஒன்றும் உண்டு. ஆணும் பெண்ணும் மனிதகுலப் பறவையின் இரு சிறகுகள் என்று கற்பிப்பவர்கள், தம் உலக நீதிமன்றத்தில் ஆடவர் ஒன்பதின்மரையே இருத்துகின்றனர். இதன் காரணம் பின்னொரு காலத்தில் விளங்கும் என்று அப்துல் பஹா கூறினாராம். தாஹிராவின் மரபினர் இவ்விடைக்கு அமைதியுறுவது எனக்கு வியப்பே. கண்ணாடி வீட்டில் இருந்துகொண்டு கல்லெறிகின்றேன் என்பதையும் அறிவேன்.

இவ்வாராய்ச்சி முழுதும் ஏட்டளவில் நிற்பதன்று என்று எனக்கு உணர்த்தியவர் இருவர். அக்காவிலிருந்து பஹாவுல்லா உலக மன்னர்களுக்குத் திருமுகங்கள் எழுதினார். விக்டோரியா அரசியும், ஒன்பதாம் பயஸ் என்னும் போப்பரசரும் அவற்றைப் பெற்றவருட் சிலர். பாரசீக மன்னருக்கு எழுதியதைக் கொண்டுசெல்ல முன்வந்தவன் பதீ என்னும் 17 வயது இளைஞன். தனியனாய்ப் பல மாதம் நடந்து தெஹ்ரானை அடைந்து, மன்னர் வேட்டைக்கு வந்திருந்த இடத்தில் திருமுகத்தை நேரே நீட்டினான். 1869-ஆம் ஆண்டு அவனைப் பிடித்துக் காய்ச்சிய இரும்பினாற் சுட்டுக் கொன்றனர். மற்றவள் 1983-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், அதே ஷீராஸ் நகரில், பஹாய் என்பதற்காகத் தூக்கிலிடப்பட்ட பெண்கள் பதின்மருள் இளையவளாகிய மோனா. அவளுக்கும் வயது பதினேழே. அவள்மேற் சாட்டிய குற்றங்களுள் ஒன்று, சிறுபிள்ளைகளுக்குச் சமயப் பாடம் கற்பித்தது. ஞாயிறு பாடசாலை ஆசிரியராயிருக்கும் நம் மாணவியர் பலர் இவ்வரியை இரண்டாம் முறை படிப்பார்கள் என எண்ணுகின்றேன்.

இன்றும் ஈரானில் பஹாய் இளைஞர் பல்கலைக்கழகத்துட் புக இயலாது. புகுந்தோரும் பஹாய் என்று அறியப்பட்டால் வெளியேற்றப்பட வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டு அரசாங்கக் குறிப்பொன்று கூறுகின்றது. விண்ணப்பத்தில் ஒரு பொய் சொல்லித் தம் சமயத்தை மறைத்தால் உள்ளே போகலாம், அவர்கள் மறைப்பதில்லை. பணியிழந்த பேராசிரியர்களைக் கொண்டு 1987-இல் தாமே ஒரு கல்வி நிலையம் தொடங்கி, வீட்டறைகளிலும் அஞ்சல் வழியிலும் பின்னர்க் கணினி வழியிலும் பட்டப்படிப்பு நடத்தி வருகின்றனர். வகுப்பு நடத்தியமைக்காகவே சிறை சென்ற ஆசிரியர்களும் உளர். நம் கல்லூரியை நிறுவிய மிஷனெரிமார் எல்லாச் சமயத்தார்க்கும் கதவு திறந்து வைத்தமையால், வருகைப் பதிவு குறைந்ததென்று அபராதம் செலுத்தும் இன்பமாவது நமக்கு வாய்த்திருக்கின்றது.

என் வேண்டுகோள் ஒன்றே. நம் கிறிஸ்தவ மாணவர் சங்கத்தில் வரும் ஆண்டு சமய ஒப்பாராய்ச்சி பற்றிய கூட்டங்கள் நான்கு நடைபெறவிருக்கின்றன என்று கேள்வியுறுகின்றேன். அவற்றுள் ஒன்றில், பஹாய் சமயத்தைப் பற்றி நம்மவர் ஒருவர் சொற்பொழிவு ஆற்றுவதற்குப் பதிலாக, கிதாபே ஈக்கானின் முதற்பகுதியையும் மத்தேயு 24-ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்து வாசிப்போமாக. இயலுமாயின் பஹாய் அன்பர் ஒருவரையும் அழைத்து அருகில் இருத்துவோமாக. எங்கள் ஊர்ப் பெரியவரை அழைத்துவரும் பொறுப்பை யான் ஏற்றுக்கொள்கின்றேன். சிறிய தந்தையார் அழையாமலே வருவார்.